அத்தியாயம் 14: ஏழாம் எண் வண்டி எந்த நடைமேடையில்?

போன வாரம் அறிவிப்பாளரைக் கரண்டியும் கையுமாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்துவிட்டு நான் நைசாக நழுவிவிட்டேன். தப்புதான். "அந்த மனுஷன் வாயைத் திறந்தாரா இல்லையா? ஒரு வரி சேர்த்து எழுதினால் கை தேய்ந்தா போய்விடும்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். திறந்தார் அம்மா, திறந்தார். ரொட்டியைக் கடிப்பதற்காக.

இந்த வாரம்தான் வந்து உட்காருகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் அறிவிப்பாளர், நகரப் பேருந்து நிலையத்தின் ஒலிபெருக்கியில் இருபத்தாறு வருடம் பேசியவர். நான்கு மாதத்துக்கு முன் அவருடைய குரல் நாணில் ஒரு சிறு கட்டி. கெட்ட கட்டி இல்லை, எடுத்துவிட்டார்கள். ஒரு மாதம் வாயே திறக்கக் கூடாது, அதற்குப் பிறகு மெதுவாகப் பேசலாம், ஆனால் குரல் பழையபடி இருக்காது என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார்.

அந்த ஒரு மாதத்துக்காக வீட்டில் ஒரு தட்டல் பாஷை பிறந்தது. கரண்டியால் மேசையில் ஒருமுறை தட்டினால் 'ஆமாம்'. இருமுறை என்றால் 'வேண்டாம்'. மும்முறை என்றால் 'இங்கே வா'. நான்கு முறை என்றால் 'எல்லாரும் வாங்க, ஒரு விஷயம் சொல்லணும்'. அதற்குப் பிறகு சிலேட்டில் எழுதிக் காட்டுவார்.

மௌன மாதம் முடிந்து மூன்று மாதம் ஓடிவிட்டது. மனிதர் இன்னும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

மகளின் கைப்பையில் நான்கு வாரமாக ஒரு கடிதம் இருக்கிறது. அதையும் மறந்துவிடாதீர்கள்.

புதன்கிழமை காலை. மேசையில் ரொட்டி, வேகவைத்த முட்டை, ஆறிக்கொண்டிருக்கும் காபி.

"அப்பா, பதினோரு மணிக்கு டெஸ்ட். ஞாபகம் இருக்குல்ல?" என்றாள் மகள்.

டொக்.

"கிளம்புறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை 'ஆ'ன்னு சொல்லிப் பாருங்களேன். எனக்காக."

டொக், டொக்.

மகள் பிசியோதெரபிஸ்ட். விபத்திலும் நோயிலும் கால் விழுந்துபோனவர்களை இரண்டு பக்கமும் கம்பியைப் பிடிக்க வைத்து மறுபடி நடக்கப் பழக்குவது அவள் வேலை. அந்த ஊக்கத்தோடு அப்பாவுக்கும் ஓர் அட்டவணை தயாரித்துக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தாள். முதல் வாரம் 'ம்', இரண்டாம் வாரம் 'ஆ', மூன்றாம் வாரம் சின்னச் சின்ன வார்த்தைகள். பயிற்சி செய்த நாளுக்கு ஒரு கட்டம், கட்டத்தில் ஒரு டிக். இதுவரை ஒரே ஒரு கட்டத்தில்தான் பேனா பட்டிருக்கிறது. அதிலும் அப்பா தூங்கும் பூனை ஒன்றை வரைந்து வைத்திருந்தார்.

டெஸ்ட் என்னவென்றால், பதினோரு மணி வண்டிகளை அவர் ஒலிபெருக்கியில் வாசித்துக் காட்ட வேண்டும். காட்டினால், அறிவிப்பு செய்யும் கண்ணாடி அறையின் நாற்காலி மறுபடி அவருக்கு. இல்லாவிட்டால் இப்போது தற்காலிகமாக உட்கார்ந்திருக்கிற தொலைந்த பொருள் அறையே நிரந்தரம். ஓய்வுபெற இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது. ஒன்பது வருடமும் குடைகளோடு.

மனைவி அவர் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றினாள். அவள் ஒரு கண்ணாடிக் கடையில் ஃப்ரேம் சரிசெய்கிறவள். யாரைப் பார்த்தாலும் முதலில் கண்ணாடி கோணலாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பாள். கண்ணாடியின் ஒரு காதைச் சுடுநீர்க் குழாயடியில் காட்டி, கட்டைவிரலால் இம்மியளவு வளைத்து, துடைத்து, மறுபடி மாட்டிவிட்டாள்.

"இப்ப சரியா உக்காருதா?"

டொக்.

"நான் கூட வரட்டுமாங்க?"

டொக், டொக்.

"சரி, வரலை. கடையில தலைக்கு மேல வேலை கிடக்கு."

நம்பாதீர்கள். முதல் நாளே முதலாளியிடம் ஒன்றரை மணி நேரம் அனுமதி வாங்கிவிட்டாள்.

அவர் செருப்பு மாட்டிக்கொண்டு படியிறங்கிய சத்தம் அடங்கியதும் மகள் பொரிந்து தள்ளினாள்.

"நீ கொடுக்கிற இடம்தாம்மா! தட்டினா காபி, தட்டினா சட்டை. அப்புறம் அவர் எதுக்குப் பேசணும்? என்கிட்ட வர்ற பேஷன்ட்டா இருந்தா எப்பவோ பேச வெச்சிருப்பேன்."

"அவர் உன் பேஷன்ட் இல்லையேடி. உன் அப்பா."

"எல்லாருக்கும் ஒரே விதிதான்."

"எங்க கடையில அப்படி இல்ல. சூடு ஏறாத ஃப்ரேமை வளைச்சா படக்குனு ஒடிஞ்சிடும். அப்புறம் கஸ்டமர்கிட்ட யாரு திட்டு வாங்குறது?"

"அப்பா என்ன பிளாஸ்டிக் ஃப்ரேமா?"

"மெட்டல்தான். அதனாலதான் இவ்ளோ நாள் தாங்குது."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பைக் கோபத்தோடு விழுங்கிக்கொண்டு பையை எடுத்தாள். பைக்குள் கடிதத்தின் ஓரம் விரலில் பட்டது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் போட வேண்டிய கடிதம். அப்பாவே இப்படி இருக்கும்போது இதை எப்படிச் சொல்வது என்று நான்காவது வாரமாக அதை உள்ளே தள்ளிவிட்டாள்.

மற்றவர்களுக்கு அட்டவணை போடுகிறவள், தன் விஷயத்தில் பூனை படம் வரையக்கூடத் துணியவில்லை.

அவளும் போனபின் அம்மா மேசையைத் துடைத்தாள். வீடு அமைதியாக இருந்தது. ஒரு காலத்தில் இந்த அமைதிக்காக அவள் எவ்வளவோ ஏங்கியிருக்கிறாள். என்ன செய்ய, கட்டிக்கொண்டவர் வீட்டுக்கும் சேர்த்து அறிவிப்பாளர். "குளியலறை இப்போது காலியாக உள்ளது. பயணிகள் வரிசையாக வரவும்." "சமையலறையிலிருந்து வரவேண்டிய காபி தாமதமாகிறது. தாமதத்துக்கு நிர்வாகம் வருந்தவில்லை." கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய் எத்தனையோ தடவை கரண்டியை வீசப் போயிருக்கிறாள்.

இப்போது அந்தக் குரல் அவளுக்கு வேண்டும். அவ்வளவுதான். அதை யாரிடமும் சொல்லவில்லை. பேசச் சொல்லி அவரை ஒருநாளும் தொந்தரவு செய்யவில்லை. கடையில் வழக்கத்தைவிட ஆறேழு ஃப்ரேம் கூடுதலாகச் சரிசெய்துவிட்டு, கை வலியோடு வீட்டுக்கு வந்து தூங்கினாள். அவள் சமாளித்த விதம் அது.

அவர் சமாளித்த விதத்தைப் பார்க்கலாம், வாருங்கள்.

தொலைந்த பொருள் அறை, பேருந்து நிலையத்தின் பின்பக்கம் கழிப்பறைக்கு அடுத்து இருக்கிறது. ஜன்னல் கிடையாது. பொறுப்பேற்ற முதல் வாரத்தில் அவர் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். இரண்டாவது வாரம் எழுந்து, அலமாரித் தட்டுகளில் குவிந்து கிடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சீட்டு எழுதிக் கட்டத் தொடங்கினார். 'கறுப்புக் குடை. கைப்பிடியில் பல் பதிந்த தடம். உரிமையாளர் கோபக்காரராக இருக்கக் கூடும்.' 'இடது கால் செருப்பு. வலது கால் நலமாக ஊர் போய்ச் சேர்ந்திருக்கும் என நம்புகிறோம்.' சீட்டு படிப்பதற்கென்றே நடத்துநர்கள் சாப்பாட்டு இடைவேளையில் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் அந்த அறையில் ஒரு சங்கடம் இருந்தது. கூரையில் ஓர் ஒலிபெருக்கி. அதிலிருந்து அரை மணிக்கொருமுறை ஒரு குரல் வரும். கனமான, வழுவழுப்பான, ஒவ்வோர் எழுத்தையும் இழைத்து இழைத்து அனுப்புகிற குரல். அவருடையதேதான். பழைய பதிவுகளை வெட்டி ஒட்டிக் கணினியில் ஏற்றி வைத்திருந்தார்கள்.

மௌன மாதம் முடிந்த மறுநாளே அவர் பேசிப் பார்த்திருந்தார். வீட்டில் இல்லை, இங்கே, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு குடையின் சீட்டை வாசித்து. வந்தது வேறு யாருடைய குரலோ. மரக்கதவைச் சிமெண்டுத் தரையில் இழுத்த மாதிரி. அந்த நேரம் பார்த்துக் கூரையிலிருந்து பழைய குரல் அட்டகாசமாக வண்டி எண் சொன்னது. அவருக்குத் தன்மேலேயே பொறாமை வந்தது. வேறெந்த மனிதனுக்கும் வந்திருக்காது இந்த வினோதப் பொறாமை.

அப்போதும் விட்டுவிடவில்லை. தினமும் மதியம் கதவைச் சாத்திக்கொண்டு குடைகளுக்கு வாசித்துக் காட்டினார். குடைகள் குறை சொல்வதில்லை. மனைவியும் மகளும் கூடக் குறை சொல்ல மாட்டார்கள், அது அவருக்குத் தெரியும். ஆனால் அவர்கள் முகம் ஒரு கணம் மாறுமே, அதைப் பார்க்கத்தான் பயம். அதனால் வீட்டில் கரண்டி.

மணி பத்து ஐம்பது. மூன்றாவது நடைமேடைத் தளம் பெயர்ந்து, காலையில்தான் புது சிமெண்ட் பூசியிருந்தார்கள். தடுப்புக்கு ஒரு கயிறு, அதுவும் தொய்ந்து தரையைத் தொட்டது. அங்கே நிற்க வேண்டிய ஏழாம் எண் வண்டியை ஐந்தாவது நடைமேடைக்கு மாற்றியிருந்தார்கள்.

தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பெரிய தூண். அதன் பின்னால் அம்மா வந்து ஒளிந்தாள். அங்கே ஏற்கெனவே ஒருத்தி ஒளிந்திருந்தாள்.

"நீ என்னடி இங்க?"

"நீ என்னம்மா இங்க? கடையில தலைக்கு மேல வேலைன்ன?"

"உனக்கு கிளினிக் இல்ல?"

"மாத்தி விட்டுட்டு வந்தேன்."

 மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். 

"அம்மா, எனக்குப் பயமா இருக்கு. என்கிட்ட வர்றவங்ககிட்ட விழுந்தா விழுங்க, நான் பிடிச்சுக்கிறேன்னு சொல்லுவேன். இங்க நான் எப்படிப் பிடிப்பேன்?"

"பேசாம நில்லு. நமக்கு வேற வேலை இல்ல."

கண்ணாடி அறைக்குள் அவர் உட்கார்ந்தார். எதிரே வண்டி விவரத் தாள். பின்னால் நிலைய மேலாளர் கைகட்டி நின்றார். நல்ல மனிதர், டெஸ்ட் வைக்கிறோமே என்று அவருக்கும் கூச்சம்தான்.

"அவசரமில்லண்ணே. பச்சை விளக்கு எரிஞ்சதும் ஆரம்பிங்க."

பச்சை விளக்கு எரிந்தது. அவர் மூச்சை இழுத்தார். தொண்டை வரைக்கும் வார்த்தை வந்து நின்றுவிட்டது. மறுபடி இழுத்தார். வெளியே இரண்டு மூன்று பேர் ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தார்கள்.

அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. கணினியை நிறுத்தி வைக்க எல்லாருமே மறந்திருந்தார்கள். பதினொன்றாகி இரண்டாவது நிமிடம் அது தன் கடமையைச் செய்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஏழாம் எண் பேருந்து மூன்றாவது நடைமேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது."

இழைத்த குரல், இம்மி பிசகில்லை. விஷயம்தான் தப்பு. இருபது பேர் பெட்டி படுக்கையோடு மூன்றாவது நடைமேடையை நோக்கிக் கிளம்பினார்கள். முன்னால் போன பெரியவர் தொய்ந்த கயிற்றைத் தாண்டிக் காலைத் தூக்கிவிட்டார். கீழே ஈர சிமெண்ட்.

கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்த அறிவிப்பாளரின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. நான்கு மாதப் பழக்கம் கையில் இருந்தது. அவரை அறியாமல் விரல் நுனி மைக்கைத் தட்டியது.

டொக், டொக், டொக்.

மைக்கைத் தட்டுகிறவர்களை ஜென்ம விரோதிகளாக நினைத்தவர் அவர். அந்தத் தட்டல் பன்னிரண்டு ஒலிபெருக்கிகளிலும் இடிபோல விழுந்தது. பெரியவர் தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. நிலையம் முழுக்க ஒரு கணம் பேச்சு மூச்சில்லை.

அந்த அமைதியில், தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் உரக்கக் கேட்டது.

"இதோ வந்துட்டேங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் அம்மாவுக்குத் தான் வீட்டில் இல்லை என்பது உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தி என்ன பயன்? தூணை விட்டு நான்கடி முன்னால் வேறு வந்திருந்தாள்.

நடைமேடைகள் சிரித்தன. அப்புறம் ஒலிபெருக்கியும் சிரித்தது.

ஆமாம், அவர்தான். நான்கு மாதத்தில் அவர் குடும்பம் கேட்ட முதல் குரல் ஒரு சிரிப்பாக வந்தது. கரகரவென்று, நடுவில் உடைந்து, மறுபடி கிளம்பி, நிற்கவே மாட்டேன் என்று வந்தது. சிரிப்புக்குப் பின்னாலேயே வார்த்தையும் வந்துவிட்டது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. கயிற்றைத் தாண்டிய பெரியவர் காலைப் பின்னால் வைக்கவும். அது ஈர சிமெண்ட்."

பெரியவர் காலைப் பின்னால் வைத்தார்.

"ஏழாம் எண் பேருந்து ஐந்தாவது நடைமேடையில் நிற்கிறது. ஐந்தாவது நடைமேடை. சற்றுமுன் மூன்று என்று சொன்னது என்னுடைய பழைய குரல். அதற்கு இன்றைய விவரம் எதுவும் தெரியாது. இனி தயவுசெய்து என்னைக் கேளுங்கள்."

கூட்டம் ஐந்தாவது நடைமேடைக்குத் திரும்பியது. அம்மா நின்ற இடத்திலேயே நின்று அழுதாள். மறைக்கவில்லை, துடைக்கவும் இல்லை. பக்கத்தில் பையோடு ஓடிய ஒரு பெண்மணி நின்று கேட்டாள்.

"என்னம்மா, வண்டியை விட்டுட்டீங்களா?"

"இல்லைங்க. வந்துடுச்சு."

உள்ளே மேலாளர் கணினியை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"அண்ணே... குரல் பழைய மாதிரி இல்ல."

"இல்லைதான். இனிமே இதுதான்."

"சொன்னது புரிஞ்சுது. இருபது பேரும் சரியான வண்டியில ஏறிட்டாங்க. எனக்கு அது போதும். திங்கட்கிழமை வந்துடுங்க."

"காலையில வரேன். மத்தியானம் அந்த ரூம் சாவி என்கிட்டயே இருக்கட்டும்."

"ஏண்ணே, அங்க என்ன இருக்கு?"

"தொண்டை நாலு மணி நேரம்தான் தாங்கும்னு டாக்டர் சொல்லியிருக்கார். அதுவும் இல்லாம, குடைங்ககிட்ட சொல்லிக்காம வர முடியாது."

மாலை ஆறு மணி. அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேசையிலிருந்து கரகரப்பான ஓர் அறிவிப்பு புறப்பட்டது.

"சமையலறையிலிருந்து வரவேண்டிய சூப் பத்து நிமிடம் தாமதமாக வந்து சேரும். பயணிகள் பொறுத்தருளவும்."

"ஆரம்பிச்சாச்சா! நாலு மாசம் நிம்மதியா இருந்தேன்" என்று உள்ளிருந்து அம்மா கத்தினாள். சுத்தப் பொய். உப்பு போட்டோமா இல்லையா என்பதுகூட நினைவில்லாமல் அடுப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மகள் குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்து அட்டவணையைக் கிழித்தாள். பூனை இருந்த கட்டத்தை மட்டும் கத்தரித்துப் பழையபடி ஒட்டினாள்.

"காலையில உங்களைத் திட்டினேன்ப்பா. நீங்க போனப்புறம். ரொம்பத் திட்டினேன்."

"தெரியும் பாப்பா. வாசல் வரைக்கும் கேட்டுச்சு."

வயது இருபத்தைந்தானாலும் அவள் அவருக்குப் பாப்பாதான். அந்த 'பாப்பா'வைக் கேட்டு நான்கு மாதமாயிற்று. பையைத் திறந்து கடிதத்தை எடுத்தாள். இன்றைக்கு வீடு சந்தோஷமாக இருக்கிறது, இன்றைக்குச் சொல்லாவிட்டால் என்றைக்கும் சொல்ல மாட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது. வாயைத் திறந்தாள். எத்தனையோ தடவை மனசுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம். ஓர் எழுத்துகூட வெளியே வரவில்லை.

காலையில் கண்ணாடி அறைக்குள் அப்பா எப்படி இருந்திருப்பார் என்பது அவளுக்கு இப்போது முழுசாகப் புரிந்தது.

மேசையில் கிடந்த கரண்டியை எடுத்தாள்.

டொக், டொக், டொக், டொக்.

அடுப்பை அணைத்துவிட்டு அம்மா வந்தாள், கையில் சூப் கரண்டியோடு. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சொல்லும்மா. மெதுவா சொல்லு. அவசரம் ஒண்ணும் இல்ல."

அவள் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டுக் கடிதத்தை அவர் பக்கம் தள்ளினாள். அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, புதுக் குரலில் உரக்க வாசிக்கத் தொடங்கினார். இது அவருக்கு இன்றைக்கு இரண்டாவது டெஸ்ட், அவருக்கே அது தெரியாது.

"தங்கள் விண்ணப்பத்தை மகிழ்ச்சியுடன் ஏற்கிறோம். எமது மறுவாழ்வு மருத்துவமனையில் இரண்டு வருடப் பணிக்கு... அடேங்கப்பா! பெரிய இடமாச்சே பாப்பா இது! ...வரும் ஒன்றாம் தேதி நேரில் வந்து சேரவும்..."

கீழே அச்சாகியிருந்த ஊர்ப் பெயரைப் பார்த்ததும் அறிவிப்பாளரின் குரல் நின்றது. அங்கே போக ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் உட்கார வேண்டும். பேருந்து மட்டுமில்லை, ரயில் விவரமும் அவருக்கு மனப்பாடம்.

 அம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள். காலையில் தூணுக்குப் பின்னால் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவளுக்கும் வரவில்லை.

அவள் கையிலிருந்த கரண்டி மெல்ல உயர்ந்து மேசையில் விழுந்தது.

டொக்.

உடனே மறுபடி உயர்ந்து, அந்தரத்தில் நின்றது. இன்னொன்று விழுந்தால் 'வேண்டாம்'. அப்பாவும் மகளும் மூச்சு விடாமல் அந்தக் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.